புதுப்பிப்பு: சூட்டில் தட்டையான நைட்ரைல் ரப்பர் வளையங்கள்

கப்பலூர் தொழிற்பேட்டையில் நாங்கள் அச்சடிக்கும் பம்ப் சீல் வளையங்கள் சூட்டில் தட்டையாகி எண்ணெய் கசிகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். "ரியோமீட்டர் போட்டுப் பாருங்க தம்பி" என்று அதற்குப் பதில் எழுதிய அண்ணனுக்கு முதல் நன்றி.

போட்டோம். சூட்டில் ரப்பர் வெந்து இறுகுவதை முறுக்குவிசையாக அளக்கும் கருவி அது. முறுக்குவிசையின் மொத்த ஏற்றத்தில் 90 சதவீதத்தைத் தொடும் நேரம்தான் டி90. ஆனால் அது மெல்லிய மாதிரிக்கான கணக்கு. ரப்பருக்குள் வெப்பம் மெதுவாகத்தான் இறங்கும். தடித்த வளையத்தின் நடுப்பகுதி அதற்குள் வேகாது. மேலே ஷோர் ஏ (ரப்பருக்கான கடின அளவுகோல்) கடினம் சரியாகவே காட்டும், உள்ளே அரைவேக்காடு. கடினமானியை மட்டும் நம்பி சரக்கு அனுப்பாதீங்க, கெஞ்சிக் கேட்கிறேன்.

உண்மையைச் சொன்னது அமுக்கச் சோதனைதான்: 25 சதவீதம் அமுக்கி, 100 டிகிரியில் 70 மணி நேரம் வைத்து, விடுவித்து அரை மணி கழித்துத் தடிமன் பார்ப்பது. அச்சு நேரத்தைக் கூட்டியபின் வளையம் நன்றாக மீள்கிறது.

கலவை பற்றிக் கேட்டவர்களுக்கு: ரப்பரை இறுக்கும் கந்தகம் நைட்ரைலில் எளிதில் பரவாது, அதனால் அது முதலிலேயே, இறுகுவதை வேகப்படுத்தும் முடுக்கி கடைசியில். சித்திரை வெயிலில் கலக்கும் மில்லின் உருளைகளைக் குளிர்விக்கப் போகும் தொட்டித் தண்ணீரே சுடுகிறது, முடுக்கியை முன்னால் போட்டால் மில்லிலேயே இறுகிவிடும்.

இப்போது வளையங்களை எண்ணெயில் ஊறவைத்திருக்கிறோம். பருமன் மாற்றம் தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.