‘ரன்அவே’: தப்பியோடலா, தறிகேடா?

ஒரு நிகழ்வு தன்னைத்தானே வளர்த்துக்கொண்டு கைமீறிப்போவதை ஆங்கிலத்தில் ‘ரன்அவே’ (runaway) என்கின்றனர். அதற்குத் தமிழில் ‘தப்பியோடல்’ என்னும் முன்மொழிவு, வீட்டை விட்டு ஓடிப்போன சிறுவனுக்குப் பொருந்தும், மின்கலத்துக்குப் பொருந்தாது. லித்தியம் அயனி மின்கலம் ஓர் அளவுக்கு மேல் சூடானால் உள்ளே வேதிவினைகள் தொடங்குகின்றன. அவை வெளியிடும் வெப்பம் அதே வினைகளை மேலும் விரைவுபடுத்த, வெளியேறும் வெப்பத்தைவிட உண்டாகும் வெப்பம் மிகுந்து, இறுதியில் கலம் தீப்பற்றுகிறது. இங்கே எதுவும் தப்பி ஓடவில்லை. விளைவே தன் காரணத்துக்குத் தீனி போடுகிறது. டீசல் எஞ்சின் தன் உயவெண்ணெயையே உறிஞ்சி எரிக்கத் தொடங்கிவிட்டால், சாவியைத் திருப்பி எரிபொருளை நிறுத்தினாலும் அது நிற்பதில்லை. காற்று வரும் வழியை அடைத்தாக வேண்டும். வெள்ளிக் கோளின் தரை ஏறத்தாழ 460 பாகை செல்சியசில் கொதிப்பதற்கும் இத்தகைய பசுங்குடில் விளைவையே காரணமாகக் கூறுகின்றனர்.

இவற்றுக்குத் ‘தறிகேடு’ என்னும் சொல்லை முன்வைக்கிறேன். தறி என்பது விலங்கைக் கட்டிவைக்கும் முளை. ‘தறிகெட்டு ஓடியது’ என்று இன்றும் சொல்கிறோம். சீர்கெடு என்பது சீர்கேடு ஆவதுபோலத் தறிகெடு என்பது தறிகேடு ஆகும். வெப்பத் தறிகேடு, வினைத் தறிகேடு என்று அடைமொழிகளும் இயல்பாக ஒட்டும். ‘தறிகெட்ட பயல்’ என்னும் வசைச்சாயல் இருக்கிறதே எனலாம். எஞ்சினுக்கு அது மனவருத்தம் தராது.

‘ரன்அவே’க்கு மாற்றாக எண்ணத்தக்க வேறு சொற்களுள் ‘கட்டற்ற’ என்பதை ஏற்க இயலாமைக்குக் காரணம், கட்டற்ற மென்பொருள் (free software) என்னும் வழக்கில் அது விடுதலையைக் குறித்து நிலைத்துவிட்டதே. ‘தன்முடுக்கம்’ காரணத்தைச் சொல்கிறதே தவிரக் கைமீறிப்போனதைச் சொல்லவில்லை. ஆயினும், 1930இல் மரபியலாளர் ரொனால்ட் ஃபிஷர் விளக்கிய ‘ரன்அவே’ பாலினத் தேர்வுக்குத் ‘தன்முடுக்கம்’ என்பதே பொருந்தும் எனக் கருதுகிறேன். நீண்ட தோகையும் அதன்மேல் பெடைக்குள்ள விருப்பமும் தலைமுறைதோறும் ஒன்றையொன்று வளர்ப்பதைக் ‘கேடு’ என்று முடிப்பது மிகை.

‘ரன்அவே’ என்னும் அடைமொழி பெற்ற விண்மீனின் நிலை வேறு. இரட்டை விண்மீன்களுள் ஒன்று வெடித்ததாலோ, நெருக்கமான கூட்டத்துக்குள் நிகழ்ந்த ஈர்ப்புத் தள்ளுமுள்ளாலோ வெளியே வீசப்பட்ட அதனை ‘ஓடுகாலி’ என்பது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அது தானாக ஓடவில்லை. ‘எறியுண்ட விண்மீன்’ என்போம்.