கலைச்சொல் வேண்டும்: ஆளுக்கும் சைக்கிளுக்கும் திறந்து, காருக்கு மூடிய ஒழுங்கை

மட்டக்களப்பிலிருந்து, கையேட்டு வரைவுக்காக

எல்லோருக்கும் வணக்கம்.

புதிய வீட்டுத் திட்டங்களுக்கான வழிகாட்டியைத் தமிழில் எழுதும்போது ஒரு சொல்லில் தடக்கி நிற்கிறோம். விஷயம் இதுதான்: குடியிருப்பின் ஒழுங்கைகள் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் ஒன்றோடொன்று தொடுத்திருக்க வேண்டும். கார், லொறி, ஆட்டோ எந்த வீட்டு வாசலுக்கும் வரலாம். ஆனால் உள்ளால் குறுக்கறுத்து மறுபக்கம் போக முடியாது. நெதர்லாந்தில் குரோனிங்கன் நகரம் 1977இல் தன் நடுப்பகுதியை நான்கு கூறாக்கியது இந்த முறையில்தான். ஒரு கூறிலிருந்து அடுத்த கூறுக்குக் கார் போவதென்றால் வெளியே சுற்றுவீதிக்கு வந்துதான் போக வேண்டும். சைக்கிள் நேரே போய்விடும். அதே நாட்டின் ஹௌட்டன் நகரில் புதிய குடியிருப்புகளே இந்த முறையில் வரையப்பட்டன.

இதை ஆங்கிலத்தில் ‘filtered permeability’ என்பார்கள்; வரைவில் இப்போது இருப்பது அதன் நேர்ப்பெயர்ப்பான ‘வடிகட்டிய ஊடுருவல்’. எனக்கு மனம் ஒப்பவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

சாய்ந்தமருதிலிருந்து, நில அளவை

அஸ்ஸலாமு அலைக்கும்.

அந்தச் சொல் வேண்டாம் தங்கச்சி. ‘ஊடுருவல்’ எங்கள் மாவட்டங்களில் முப்பது வருடம் செய்தியில் என்ன பொருளில் ஒலித்தது என்று எல்லோருக்கும் தெரியும். கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் “உங்கட ஒழுங்கைக்கு ஊடுருவல் வருகுது” என்று சொல்ல ஏலுமா?

தொழில் ரீதியாகவும் இடைஞ்சல் இருக்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதை நாங்கள் நீர் ஊடுருவல் என்கிறோம். அதே கையேட்டில், அதே பக்கத்தில், மணற்படுகையில் இன்டர்லொக் கல் பதிப்பதைப் பற்றியும் எழுதப் போகிறீர்கள். ‘வடிகட்டிய’ என்பது வடிகானை வேறு நினைவூட்டும். ஒப்பந்தகாரர் வாசித்தால் கிறவலும் சல்லியும் போட்ட வடிகட்டிப் படுகை என்றுதான் எடுப்பார்.

இந்த முறை எங்கள் கரைக்கு ஏன் அவசரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எழுவான்கரை கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒரு ஒடுங்கிய நிலத்துண்டு. ஏ4 வீதி வடக்குத் தெற்காக ஓடுகிறது. ஒரு தென்னங்காணி துண்டாடப்படும்போது அந்த வீதியிலிருந்து ஒற்றை ஒழுங்கை உள்ளே வரையப்படும், இரு பக்கமும் காணித் துண்டுகள், கடைசியில் மதில். பக்கத்துக் காணிக்காரரும் அப்படியே செய்வார். முடிவில் படம் சீப்புப் பல் மாதிரி ஆகிவிடும். இரண்டு ஒழுங்கையும் 300 மீற்றர் நீளம், இடையில் 80 மீற்றர் என்று வையுங்கள். கடைசி வீட்டிலிருந்து அடுத்த ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குப் போக 680 மீற்றர், அதுவும் பஸ் ஓடும் பிரதான வீதி ஓரமாக. நிமிடத்துக்கு 80 மீற்றர் நடந்தால் எட்டரை நிமிடம். பின்மதிலில் ஒரு இடைவெளி இருந்தால் ஒரு நிமிடம். பக்கத்துக் கடைக்கும் மோட்டார் சைக்கிளை எடுப்பது சோம்பலால் அல்ல, இந்த வரைபடத்தால்.

படுவான்கரையிலிருந்து, பேச்சுவழக்குச் சொல் தொகுப்பு

சாய்ந்தமருது நானா சொன்னதை வாசித்ததும் எனக்கு வந்த சொல் ‘கடப்பு’.

எங்கள் பக்கம் வளவின் வேலி வாசலுக்குக் கடப்பு என்கிறோம். அதன் முன்னிடம் கடப்படி. பழைய அமைப்பை நினைத்துப் பாருங்கள்: இரு பக்கமும் துளையிட்ட கட்டை, துளைகளில் செருகிய குறுக்குத் தடிகள். கீழ்த்தடியைத் தாண்டி ஆள் உள்ளே போவார், மாடு வெளியே நிற்கும். வண்டி வந்தால் தடிகளை இழுத்துவிடலாம். யாரை விடுவது, எதை மறிப்பது என்று தெரிவு செய்கிற திறப்பு. நீங்கள் தேடும் கருத்து முழுவதும் அதற்குள் இருக்கிறது.

அந்தத் திறப்பு ‘கடப்பு’. அதனால் தொடுக்கப்படும் ஒழுங்கை ‘கடப்பொழுங்கை’. எல்லோருக்கும் அடைபட்டது ‘முட்டொழுங்கை’. கோட்பாட்டுக்குக் ‘கடப்புத் தெருவமைப்பு’.

அக்கரைப்பற்றிலிருந்து, தமிழாசிரியர்

> யாரை விடுவது, எதை மறிப்பது என்று தெரிவு செய்கிற திறப்பு

இது எனக்குப் பிடித்திருக்கிறது. இரண்டு ஐயங்கள்.

‘கடவை’ என்ற சொல் ஏற்கெனவே வீதியில் இருக்கிறது: பாதசாரிக் கடவை, புகையிரதக் கடவை. இரண்டுக்கும் ‘கட’ என்பதே வேர். பரீட்சைத் தாளில் பிள்ளைகள் குழம்புவார்கள். அடுத்தது, கடப்பு தனிவளவின் வாசல். பொதுவழிக்கு அந்தச் சொல்லை வைத்தால், பக்கத்து வீட்டுக்காரர் தன் கடப்பு என்று பூட்டுப் போட்டுவிடுவார்.

நான் ‘நடைத்திறப்பு’ என்பேன். வாசித்தவுடன் விளங்கும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து, வீதிப் பொறியியல்

ஐயா, ‘நடைத்திறப்பு’ சைக்கிளை வெளியே விட்டுவிடுகிறது. மீன்பெட்டி கட்டிய சைக்கிளும் சக்கர நாற்காலியும் போகாத திறப்பு எங்களுக்கு வேண்டாம். சொல் எதுவாக இருந்தாலும் அளவு சரியாக அதற்குள் அடங்க வேண்டும். ஆகவே அளவைச் சொல்கிறேன்.

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் பார்த்து, காரை மறிக்க நடும் தூண்களுக்கிடையே 1.5 மீற்றர் விட்டால் இங்கே வேலை கெட்டுவிடும். ஆட்டோவின் அகலம் ஏறத்தாழ 1.3 மீற்றர்; தாராளமாகப் புகுந்து போகும். இங்கே இடைவெளி 1.2 மீற்றருக்கு மேல் போகக் கூடாது. வழியின் அகலம் 2.5 மீற்றர், நடுவில் 4 அங்குலக் கல்வனைஸ் குழாய்த் தூண் ஒன்று: இரு பக்கமும் 1.19 மீற்றர் கிடைக்கும். அம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் அதே வழியால் வரத்தான் வேண்டுமென்றால் 3.7 மீற்றர் வழி, கழற்றக்கூடிய இரண்டு தூண், மூன்று இடைவெளி, ஒவ்வொன்றும் 1.15 மீற்றர் அளவில். ஆனால் முடிந்தவரை கழற்றும் தூணைத் தவிருங்கள். உறைக்குழிக்குள் மணல் நிறையும், கடற்காற்றில் பூட்டு இறுகும், தேவைப்படும் இரவில் சாவி கிடைக்காது. இரு பக்க ஒழுங்கையாலும் வண்டி தனித்தனியே வர முடிந்தால் நிலைத்தூணே போதும். மணல் நிலத்தில் தூணுக்கு 45 செ.மீ. சதுரம், 60 செ.மீ. ஆழம் கொங்கிறீட் அடித்தளம் போடுங்கள். ஒரு அடிக் குழியில் நட்ட தூண் முதல் லொறி இடித்ததும் சாயும், சாய்ந்த பக்கத்தால் ஆட்டோ போகும். வெளியே 1 மீற்றர் உயரம், ஒளிதெறிக்கும் பட்டி கட்டாயம்.

எனக்கு இதைவிடப் பிடித்தது வடிகானையே தடையாக்குவது. இரண்டு காணிக்கும் இடையில் வடிகான் எப்படியும் ஓடத்தான் போகிறது. அதன்மேல் 1.2 மீற்றர் அகலத்தில் ஒரு பலகணை (கொங்கிறீட் தட்டு) போட்டால் ஆளும் சைக்கிளும் கடக்கும், கார் கடக்காது; தூணும் வேண்டாம், சாவியும் வேண்டாம். பலகணையின் அடிப்பக்கம் வடிகானின் மேல்விளிம்புக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் மார்கழி வெள்ளத்தில் தேங்காய் மட்டையும் பொலித்தீன் பையும் அங்கேதான் அடையும். அடைத்தது பாலம்தான் என்று சொல்லிப் பாலத்தையே உடைப்பார்கள். ஏறி இறங்கும் சரிவு 20க்கு 1, இடமில்லாவிட்டால் 12க்கு 1. மேற்பரப்பைத் தும்புத்தடியால் சொரசொரப்பாக்குங்கள்.

மோட்டார் சைக்கிளை அகலத்தால் மறிக்க முடியாது. சக்கர நாற்காலி போகும் இடைவெளியால் அதுவும் போகும். வளைத்து வளைத்துக் கம்பி வைத்தால் முதலில் சிக்குவது நாற்காலியும் பிள்ளையை ஏற்றிய சைக்கிளும். மோட்டார் சைக்கிளுக்கு அந்த வழியால் நேரம் மிச்சமாகாதபடி ஒழுங்கைகளைத் தொடுப்பதுதான் வழி. இரண்டு பிரதான வீதிகளை ஒரே நேர்கோட்டில் இணைக்காதீர்கள்.

ஆசிரியர் ஐயாவின் பூட்டுப் பயம் நியாயமானது. அதைத் தீர்ப்பது சொல் அல்ல, அளவைப் படம்.

சாய்ந்தமருதிலிருந்து

அதைத்தான் சொல்ல வந்தேன். 2.5 மீற்றர் அகலம், 30 மீற்றர் நீளம் என்றால் 75 சதுர மீற்றர், கிட்டத்தட்ட 3 பேர்ச். விற்பவர் அதை விட மனமில்லாமல் “பிறகு பார்ப்போம்” என்பார். படத்தில் தனி இலக்கமிட்ட துண்டாகப் போட்டு, பிரதேச சபைக்கு ஒப்படைத்து, இரு பக்கக் காணி உறுதிப் பத்திரங்களிலும் எல்லையாக எழுதாவிட்டால், முதலில் கிடுகுவேலி வரும், பிறகு மதில். உறுதியில் எழுதுவதற்குக் ‘கடப்பொழுங்கை’ நன்றாக இருக்கும். ‘வடக்கு எல்லை: கடப்பொழுங்கை’. நொத்தாரிசு வேறு விளக்கம் எழுத வேண்டியதில்லை.

மதில் உயரத்தையும் கையேட்டில் சேருங்கள். இரு பக்கமும் ஆளுயர மதில் எழுந்தால் மஃரிபுக்குப் பிறகு பெண்கள் அந்த வழியால் போக மாட்டார்கள். வழியோர மதில் 1.2 மீற்றர், அதற்கு மேல் கம்பிவலை. ஒரு முனையில் நின்றால் மறுமுனை தெரிய வேண்டும், நடுவில் ஒரு விளக்கு. நிழலுக்குப் பூவரசு; உவர்மணலில் நிற்கும்.

அக்கரைப்பற்றிலிருந்து

சைக்கிளை மறந்தது என் பிழை. எல்லையாக எழுதும் உதாரணம் என்னை மாற்றிவிட்டது. தனியே ‘கடப்பு’ என்று எழுதினால் வளவு வாசலோடு குழம்பும், ‘கடப்பொழுங்கை’ என்று சேர்ந்தால் குழம்பாது. தூணோ பலகணையோ உள்ள இடத்துக்கு ‘ஒழுங்கைக் கடப்பு’ என்று எப்போதும் சேர்த்தே எழுதுங்கள்.

மட்டக்களப்பிலிருந்து

கையேட்டில் இப்படிப் போடுகிறேன்:

‘கடப்பொழுங்கை: நடப்பவர், சக்கர நாற்காலி, சைக்கிள் ஆகியவை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகக்கூடியதும், கார், லொறி, முச்சக்கர வண்டி ஆகியவை ஊடே போக முடியாததுமான பொது ஒழுங்கை. மறிக்கும் இடம் ஒழுங்கைக் கடப்பு. அதன் திறந்த இடைவெளி எதுவும் 1.2 மீற்றரைத் தாண்டாது. இவ்வாறு ஒழுங்கைகளைத் தொடுக்கும் முறை கடப்புத் தெருவமைப்பு.’

மோட்டார் சைக்கிளை இந்த வரையறையில் எந்தப் பக்கமும் சேர்க்கவில்லை. பொறியியலாளர் சொன்னதை அடுத்த பந்தியில் அப்படியே தருகிறேன். அடுத்த கிழமை ‘பலகணை’ பற்றிக் கேட்பேன்; அம்பாறைப் பக்கம் அதற்கு வேறு சொல் வழங்கினால் இப்போதே எழுதி அனுப்புங்கள்.