எப்காட் உணவுத் திருவிழா: முன்பதிவு வேண்டுமா, வேண்டாமா?

அட்லாண்டா மருமகள்:
அக்டோபர் இரண்டாம் வாரம் ஆர்லாண்டோ போகிறோம். ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்திருக்கிறார்கள், பிள்ளைகள் இரண்டு. ஆக ஆறு பேர். டிஸ்னியின் எப்காட் பூங்காவில் அப்போது உணவு, ஒயின் திருவிழா. பூங்கா டிக்கெட் இருந்தால் திருவிழாவுக்குத் தனிக் கட்டணம் இல்லை. வாங்குகிற தட்டுக்குத்தான் காசு. மாலைக் கச்சேரியில் இருக்கை உறுதியாக வேண்டுமென்றால், குறிப்பிட்ட உணவகங்களில் சாப்பாட்டோடு சேர்த்துப் பதிவு செய்யும் ‘டைனிங் பேக்கேஜ்’ இருக்கிறதாம். இப்போதே எடுத்துவிட வேண்டும் என்று கணவர் ஒற்றைக் காலில் நிற்கிறார். எனக்கு மனமில்லை. வீட்டில் தீராத பஞ்சாயத்தை இங்கே கொண்டுவந்திருக்கிறேன்.

நாடோடி:
எடுக்காதீர்கள். பூங்காவின் ஏரியைச் சுற்றி நாட்டுக்கு ஒன்றாக 11 அரங்குகள், ஒரு சுற்று சுமார் 2 கிலோமீட்டர். வழியெல்லாம் கடைகள். வாசனை இழுக்கிற இடத்தில் நின்று ஒரு தட்டு வாங்கி ஆளுக்கு ஒரு வாய் தின்றுவிட்டு நகர்வதுதான் அந்தத் திருவிழா. உணவகத்தில் உட்கார்ந்து வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கடைகளைப் பார்ப்பது, ஓட்டலில் சாப்பிட்டுவிட்டுக் கல்யாணப் பந்திக்குப் போவது போல. கச்சேரியும் திறந்தவெளி அரங்கில்தான், மாலையில் மூன்று முறை நடக்கும். முன்னதாகப் போய் வரிசையில் நின்றால் காசில்லாமலே உட்காரலாம்.

திட்டக்குழு:
‘வரிசையில் நின்றால்’ என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள்! யார் நிற்பது, அவருடைய மாமனாரா? அக்டோபரிலும் ஆர்லாண்டோவில் பகல் வெயில் 30 டிகிரியைத் தொடும். கடைகளுக்குப் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் நின்றுகொண்டு சாப்பிடும் உயர மேசைகள். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு பூங்காவின் உணவு விழாவுக்கு என் அப்பாவை அழைத்துப் போனேன். எதையும் பதிவு செய்யவில்லை, அது என் சோம்பல். அவர் பூச்செடித் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, காகிதத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் மூட்டைத் தேய்த்துக்கொண்டே சாப்பிட்டார். ‘ருசியாக இருக்கிறது’ என்றுதான் சொன்னார். அந்த ஒரு மணி நேரத்தில் எனக்கு எதுவும் இறங்கவில்லை.

கணக்கையும் பாருங்கள் சகோதரி. ஒரு தட்டு 7 டாலர் என்று வையுங்கள். ஆறு பேர், ஆளுக்கு மூன்று தட்டு என்றால் 126 டாலர். பசி அப்படியே இருக்கும்.

உணவகப் பதிவு 60 நாள் முன்பே திறந்துவிடும். டிஸ்னி விடுதியில் தங்குகிறவர்கள் அந்த நாளிலேயே 10 நாள் வரையான தங்கலுக்கும் சேர்த்துப் பதிவு செய்துகொள்ளலாம். அவர்கள் எடுத்ததுபோக மிஞ்சுவதுதான் நமக்கு.

தயிர்சாதம்:
மாமியார் சைவமா? அதைக் கேட்காமல் இருவரும் மல்லுக்கட்டுகிறீர்களே. ஜெர்மனி அரங்கில் பஃபே உணவகம் ஒன்று இருக்கிறது. நீள மேசையில் தெரியாத குடும்பங்களோடு சேர்ந்து உட்கார வேண்டும், மேடையில் பாண்டு வாத்தியம் முழங்கும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் சாசேஜும் இறைச்சியும்தான் அங்கே ராஜா. சைவக்காரர் ரொட்டியும் சாலட்டும் தின்றுவிட்டு அதே கட்டணத்தைக் கொடுக்க வேண்டும்.

கடைகளில் அந்தத் தொல்லை குறைவு. இலைக் குறி போட்ட உணவில் இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் இருக்காது. இந்தியக் கடையில் பல ஆண்டுகள் ‘மெட்ராஸ் சிவப்புக் கறி’ போட்டார்கள்: வாட்டிய காலிஃபிளவர், குட்டிக் காரட், கொண்டைக்கடலை, கீழே ஒரு பிடி பாஸ்மதி. மெட்ராஸில் எந்தத் தெருவில் அது கிடைக்கும் என்று கேட்காதீர்கள். ஆனாலும் நான்கு மணி நேரம் நடந்தவனுக்கு அந்த ஒரு பிடி சோறு அமிர்தம்.

நாடோடி:
அப்படிச் சொல்லுங்கள்! இன்னொன்று. ஜெர்மனியில் 5 மணிக்கு மேசை என்றால், பிரான்சில் நிற்கிறவர் பக்கத்து நாடுதானே என்று இருந்துவிடக் கூடாது. இங்கே நடுவில் மொராக்கோ, ஜப்பான், அமெரிக்கா, இத்தாலி நான்கையும் தாண்ட வேண்டும். தாத்தாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி ஓடுவதற்கா இவ்வளவு செலவு? பதிவு செய்துவிட்டுப் போகாமல் விட்டால் பல உணவகங்களில் தலைக்கு 10 டாலர் பிடித்துக்கொள்வார்கள்.

திட்டக்குழு:
முறையாக ரத்து செய்தால் பிடிக்க மாட்டார்கள். சைவ விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன், ஜெர்மனியை விட்டுவிடலாம். உட்கார இடம் வேண்டும் என்பதை விட மாட்டேன். வெள்ளி, சனி மாலைகளில் உள்ளூர்க் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். பதிவு இல்லாவிட்டால் செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள். சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுக்க மாமனார் சம்மதிப்பாரா?

அட்லாண்டா மருமகள்:
சக்கர நாற்காலி என்ற பேச்சை எடுத்தால் அவர் ஊருக்கே திரும்பிவிடுவார். மாமியார் சைவம்தான். இவ்வளவையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமியார் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ‘கச்சேரி, கச்சேரி என்கிறீர்களே, பாடுவது யார்?’ நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

திட்டக்குழு:
தேதிக்குத் தேதி குழு மாறும். பட்டியலைப் பாருங்கள். உங்கள் தேதியில் தெரியாத ராக் குழு என்றால் பேக்கேஜை விட்டுவிட்டு, மதியம் 2 மணிக்கு நிழலான உணவகத்தில் ஒரு மேசை மட்டும் போடுங்கள்.

நாடோடி:
ஒரு மேசைதானே, சரி. அதுவும் ஜப்பானுக்கு அப்பால் வேண்டாம்.