பொருள்: ரெசிஸ்டர் பிளக், ரெசிஸ்டர் கேப், ரெசிஸ்டர் ஒயர்: மூன்றுக்கும் ஒரே அடைமொழி வேண்டும்

நண்பர்களே, வணக்கம்.

பழைய மோட்டார் சைக்கிள் பராமரிப்புச் சொற்பட்டியலில் இந்தப் பகுதி மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. ஸ்பார்க் பிளக்குக்குத் 'தீப்பொறிச் செருகி' என்பதில் பெரும்பாலோர் ஒத்துப்போய்விட்டோம். அதைப் 'பொறிச்செருகி' என்று சுருக்குவதை மட்டும் நான் ஏற்கவில்லை. எஞ்சினைப் பற்றிய நூலில் 'பொறி' என்று வந்தால், படிப்பவர் முதலில் எந்திரத்தைத்தான் நினைப்பார். 'தீ' ஓரெழுத்து, இருந்துவிட்டுப் போகட்டும்.

என் கவலை, பட்டியலுக்கு முன்மொழியப்பட்டிருக்கும் இந்த இரண்டு சொற்களில்தான் (கேப் என்பது ஒயரின் நுனியில் இருந்து பிளக்கின் தலையில் மாட்டுவது).

> ரெசிஸ்டர் பிளக் = தடைச்செருகி
> ரெசிஸ்டர் கேப் = இரைச்சல் தணிப்பி

இரண்டும் தனித்தனியே பார்த்தால் நல்ல சொற்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிக்கல். பிளக்கின் பீங்கானுக்குள் இருப்பதும் கேப்புக்குள் இருப்பதும் ஒரே பொருள், ஒரு மின்தடையம். ஒன்றுக்கு அதன் உள்ளே இருப்பதை வைத்தும், மற்றதற்கு அது செய்யும் வேலையை வைத்தும் பெயர் சூட்டினால், இரண்டும் ஒன்று என்பதே தெரியாமல் போகும். பழைய ஆங்கிலக் கையேடுகளில் கேப்பை 'சப்ரெசர்' என்றும் பிளக்கை 'ரெசிஸ்டர்' என்றும் எழுதியதால் வந்த குழப்பம் இன்றும் தீரவில்லை. தணிப்பி ஏற்கெனவே மாட்டியிருக்கும் வண்டியில் ரெசிஸ்டர் பிளக்கையும் போட்டுவிட்டு, உதைத்து உதைத்துக் கால் வலிக்க நிற்பவர்கள் உண்டு. நாமும் அதே குழியில் விழ வேண்டாம்.

இதில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், சொல் அதிலிருந்துதான் வர வேண்டும். காயிலிலிருந்து (உயரழுத்த மின்சாரத்தை உண்டாக்கும் சுருளிலிருந்து) கிளம்பும் மின்சாரம் ஒயர், கேப், பிளக் என்று ஒரே வரிசையில் போகிறது. பள்ளிப்பாடத்தில் படித்த தொடரிணைப்புதான். மூன்றின் தடையும் கூடிக்கொண்டே போகும். என்.ஜி.கே. நிறுவனத்தின் பிளக்கில் பி7எச்.எஸ். என்றால் உள்ளே தடையம் இல்லை. பி.ஆர்.7எச்.எஸ். என்றால் இருக்கிறது, வழக்கமாக 5 கிலோ ஓம். நடுவில் வரும் அந்த ஆர் ஒன்றுதான் வேறுபாடு, மற்றபடி அதே மரை, அதே நீளம். அதே நிறுவனத்தின் எல்.பி.05எஃப். என்ற கேப்பிலும் 05 என்பது 5 கிலோ ஓமைத்தான் குறிக்கிறது. இரண்டையும் சேர்த்தால் தொகுபயன் மின்தடை 10 கிலோ ஓம். ஒயரும் செம்புக் கம்பியாக இல்லாமல் கரிநார் ஒயராக இருந்தால், மீட்டருக்குப் பல ஆயிரம் ஓம் என்ற கணக்கில் அதுவும் ஏறும்.

தடையம் எதற்கு என்றால், இடைவெளியில் பொறி பாய்ந்த நொடியில் எழும் மின்னோட்டத்தின் கூர்மையான எழுச்சியை மட்டுப்படுத்த. ரேடியோவில் இரைச்சலாகக் கேட்பதும், மின்னணு எரியூட்டல் பெட்டியைக் குழப்புவதும் அந்த எழுச்சிதான். பாயின்ட் (மின்சாரத்தை வெட்டிப் பொறியை எழுப்பும் தொடுமுனை) வைத்த பழைய மேக்னெட்டோ வண்டியின், அதாவது சுழலும் காந்தத்திலிருந்தே மின்சாரம் எடுக்கும் வண்டியின், நிலைமை வேறு. உதைக்கும் வேகத்தில் அதில் பிறப்பதே கொஞ்சம் ஆற்றல். அதில் ஒரு பங்கைத் தேவையில்லாமல் தடையத்தில் சூடாக்கி வீணடிப்பானேன்?

ஆகவே என் முன்மொழிவு: மூன்றுக்கும் ஒரே அடைமொழி, 'தடைபொதி'. தடைபொதி செருகி, தடைபொதி தொப்பி, தடைபொதி வடம். தடையம் இல்லாதவற்றுக்கு 'வெறும்' போதும். 'தடைச்செருகி' என்றால் எதையோ தடுக்கிற செருகி என்று தோன்றுகிறது, தடையுத்தரவு மாதிரி. 'தடைபொதி' என்றால் தடை உள்ளே பொதிந்திருக்கிறது என்பது கேட்டவுடன் விளங்கும். இதைவிடப் பெரிய ஆதாயம், கையேட்டில் ஒரே வரியில் விதியை எழுதிவிடலாம்: 'தயாரிப்பாளர் வேறுவிதமாகக் கேட்டிருந்தாலொழிய, மூன்றில் ஒன்று மட்டும் தடைபொதியாக இருக்கட்டும்.' மெக்கானிக் எண்ணிப் பார்த்துக்கொள்வார்.

> கரிநார் ஒயரில் தடை எதிலும் பொதிந்திருக்கவில்லையே, ஒயர் முழுக்கவே தடைதானே?

சரியான கேள்வி. அதன் தனிப்பெயராகக் 'கரிநார் வடம்' என்பதை வைத்துக்கொண்டு, தடைபொதி வகையில் சேர்ப்போம். தனிப்பெயரும் தேவைதான். பழைய வண்டிக் கேப்புகள் பலவற்றின் உள்ளே மரத்திருகு போன்ற ஒரு முள் இருக்கும்; ஒயரை அதில் வைத்துத் திருகினால் செம்பு இழைகளுக்குள் ஏறிக் கவ்விக்கொள்ளும். கரிநாரில் அதே முள்ளை ஏற்றினால் நார் அறுந்துபோகும், தொடர்பு நிற்காது. எனவே 'திருகுமுள் தொப்பி' என்று ஒரு பதிவைச் சேர்த்து, 'செம்பு வடத்துக்கு மட்டும்' என்று விளக்கத்தில் எழுதிவிடலாம்.

கேப்புக்கு 'மூடி' வேண்டாம் என்கிறேன். மூடுவது அதன் முதல் வேலை இல்லை, பிளக்கின் தலையைக் கவ்விப் பிடிப்பதுதான் முதல் வேலை. தலையிலும் இரண்டு வகை உண்டு. மேலே உருண்டையான நட்டோடு இருப்பது ஒன்று. அந்த நட்டைக் கழற்றினால் தெரியும் 4 மி.மீ. மரை இன்னொன்று. மரையைக் கவ்வும் தொப்பி நட்டின் மேல் ஏறாது. நட்டுக்கான தொப்பியை மரையில் மாட்டினால் லொடலொடவென்று ஆடும், உள்ளேயே பொறி தாவித் தாவி உலோகம் கருகும். இவற்றுக்குக் 'குமிழ்த்தலை', 'மரைத்தலை' என்று முன்பே ஒருவர் எழுதியிருந்தார். மிக நல்ல சொற்கள், அப்படியே எடுத்துக்கொள்வோம்.

தொப்பியைச் சோதிக்கும் முறையும் அந்தப் பதிவிலேயே இருந்தால் நல்லது. மல்டிமீட்டரின் ஒரு முனையைத் திருகுமுள்ளிலும் மறுமுனையைக் கவ்வியிலும் வைத்தால் 5 கிலோ ஓமை ஒட்டி வர வேண்டும். வயதான தொப்பிகளில் இது பல மடங்கு ஏறியிருக்கும், சிலவற்றில் மீட்டர் அசையவே அசையாது. அப்படியிருந்தும் வண்டி ஓடிக்கொண்டிருக்கும், உள்ளே அறுந்த இடத்தைப் பொறியே தாண்டிக்கொள்வதால். சூடேறியதும் அணைந்து நின்றுவிடும் வண்டிகளில் கார்புரேட்டரைப் பிரிக்கும் முன் இதைப் பார்ப்பது நல்லது.

ஹாட் பிளக், கோல்ட் பிளக் விஷயத்தை இதில் கலக்க வேண்டாம். அது பிளக்கின் மூக்கிலிருந்து (சிலிண்டருக்குள் நீளும் முனையிலிருந்து) சிலிண்டர் தலைக்கு வெப்பம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதைப் பொறுத்தது, மின்தடைக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'வெப்பம் காக்கும் செருகி', 'வெப்பம் விடும் செருகி' என்று தற்காலிகமாக வைத்துக்கொண்டு தனி இழையில் பேசுவோம். எண்களைச் சேர்த்துப் பெயர் வைக்க மட்டும் முடியாது: என்.ஜி.கே.யில் எண் கூடினால் வெப்பம் விடும் வகை, சாம்பியன் நிறுவனப் பிளக்கில் எண் கூடினால் வெப்பம் காக்கும் வகை.

காயிலிலிருந்து கேப்புக்கு வரும் 'எச்.டி. ஒயர்' என்பதற்கு 'உயரழுத்த வடம்' என்று போட்டிருக்கிறோம். பட்டறையில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள், அதனால் 'எச்.டி. ஒயர்' என்பதையும் அதே பதிவில் வழக்குச்சொல்லாகத் தர வேண்டும். பிளக், கேப் இரண்டுக்கும் அப்படியே. 'தடைபொதி'யில் வல்லினம் மிகுமா என்ற ஐயம் வரலாம்: தடையைப் பொதிந்த என்று விரிவதால் மிகாது என்றே கொள்கிறேன். இலக்கணம் அறிந்தவர்கள் இதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், மற்றவற்றைப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.