போட்டியில் கஞ்சா பாசிட்டிவ்: கிளப் வீரருக்குத் தடை எவ்வளவு?

கேள்வி (ஓடுதளம்):
கிளப் அளவில் ஓடும் வீரர், தொழில்முறை கிடையாது. பந்தயம் முடிந்து எடுத்த சிறுநீர் மாதிரியில் கஞ்சா. 4 வருடம் என்கிறார்கள், 3 மாதம் என்கிறார்கள், அமெச்சூர் என்றால் எச்சரிக்கையோடு போய்விடும் என்றும் சொல்கிறார்கள். எது சரி? நாடாவுக்கு (தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமை) விளக்கம் எழுதும்போது எதில் கவனம் வேண்டும்?

பதில் (விதி10):
3 மாதம் கிடைக்கலாம், ஆனால் தானாகக் கிடைக்காது. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடாவின் 2021 விதிகளில் கஞ்சாவின் டிஎச்சி (போதை தரும் வேதிப்பொருள்), கோகெயின், ஹெராயின், எக்ஸ்டஸி நான்கும் தனி வகை. போட்டிக் காலத்துக்கு வெளியே எடுத்தது, ஆட்டத்திறனுக்காக எடுத்ததில்லை என இரண்டையும் வீரர்தான் நிறுவ வேண்டும். நிறுவினால் 3 மாதம். நாடா ஏற்கும் சிகிச்சைத் திட்டத்தை ஒழுங்காக முடித்தால் அது 1 மாதம் வரை குறையலாம்.

போட்டிக் காலம் முந்தின நாள் இரவு 11:59-க்கே தொடங்கிவிடும். அதற்குப் பிறகு புகைத்தது என்றால், ஆட்டத்திறனுக்குச் சம்பந்தமில்லை என்று காட்டினாலும் கணக்கு 2 வருடத்தில் தொடங்கும். 4 வருடம் போட, வேண்டுமென்றே செய்த மீறல் என்று நாடா நிரூபிக்க வேண்டும்; கஞ்சா வழக்கில் அது அபூர்வம்.

எச்சரிக்கை மட்டும் என்ற சலுகை பொழுதுபோக்கு வீரர்களுக்கு உண்டுதான். ஆனால் இந்த நான்கு பொருள்களுக்கு அது பொருந்தாது. தெரியாமல் ஸ்டீராய்டு கலந்த பொடியைக் குடித்தவர் எச்சரிக்கையோடு தப்பலாம், வார இறுதியில் கஞ்சா அடித்தவர் குறைந்தது 1 மாதம் வெளியே. விசித்திரமான விதி. ஒரே ஆறுதல், பொழுதுபோக்கு வீரரின் பெயரைக் கட்டாயம் வெளியிட வேண்டியதில்லை.

பதில் (மாதிரி_பி):
விளக்கக் கடிதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். "பந்தயப் பதற்றம் குறைய", "தசைவலிக்கு" என்று எழுதினால் ஆட்டத்தோடு நீங்களே முடிச்சுப் போட்டுவிடுகிறீர்கள். எந்த நாள், எத்தனை மணி, யாரோடு, எவ்வளவு என்று எழுதி, கூட இருந்தவரின் வாக்குமூலத்தையும் சேருங்கள். ஆய்வக அறிக்கையின் அளவோடு அந்த நேரம் ஒத்துப்போக வேண்டும். வரம்பு மில்லிலிட்டருக்கு 150 நானோகிராம். அளவீட்டுப் பிழைக்கு இடம் விட்டு 180-ஐத் தாண்டினால்தான் பாசிட்டிவ். அதனால் பக்கத்தில் யாரோ புகைத்தார்கள் என்ற கதை எடுபடாது. டிஎச்சி கொழுப்பில் தங்கும், தினமும் புகைப்பவருக்கு வாரக்கணக்கில் சிறுநீரில் தெரியும். ஹோலிக்குக் குடிக்கும் பாங்கும் (கஞ்சா இலைப் பானம்) அதே டிஎச்சிதான். போதைப்பொருள் சட்டத்தின் கஞ்சா வரையறையில் வெறும் இலை வராது என்ற வாதத்துக்கு இங்கே மதிப்பில்லை.

பதில் (விதி10):
இன்னொன்று. தடை 1 மாதமானாலும் அந்தப் பந்தயத்தின் முடிவும் பதக்கமும் போய்விடும். அமெரிக்க ஓட்ட வீராங்கனை ஷகாரி ரிச்சர்ட்சனுக்கு 2021-ல் 1 மாதம்தான் தடை, ஆனால் ஒலிம்பிக் தகுதிப் போட்டியின் 100 மீட்டர் வெற்றி ரத்தாகி, டோக்கியோவில் அந்த ஓட்டமே கைவிட்டுப் போனது. தடைக் காலத்தில் சங்கத்தோடு இணைந்த கிளப் போட்டியில் ஓடுவதோ பயிற்சி கொடுப்பதோ கூடாது. மீறினால் முதல் தடைக்குச் சமமான காலம் வரை இன்னொரு தடை சேரும். தற்காலிக இடைநீக்கத்தைச் சரியாகக் கடைப்பிடித்திருந்தால் அந்த நாள்கள் தடையில் கழியும்.