பழைய மைவியில் நைட்ரஸ்: வீட்டுப் போர்ச்சிலேயே மாட்டலாமா?

வெள்ளை_மைவி, சுங்கை சிப்புட்:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். என்னுடையது பழைய பெரோடுவா மைவி 1.3 மேனுவல் கார். எக்ஸாஸ்ட், ஏர் ஃபில்டர் எல்லாம் மாற்றியாயிற்று, பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. டர்போ போடக் கையில் வெள்ளி இல்லை. இப்போது இன்ஜினுக்கு நைட்ரஸ் ஆக்சைடு கேஸ் ஏற்றும் ஒரு பழைய செட் மலிவாக வருகிறது: 10 பவுண்டு பாட்டில், இரண்டு சோலினாய்டு (மின்சார வால்வு), ஒரு நாசில், 35 குதிரைசக்திக்கான ஜெட் (அளவுத் துளை). பெட்ரோலும் கேஸும் சேர்ந்தே நாசிலுக்கு வரும் வகை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுப் போர்ச்சிலேயே மாட்டிவிடலாம் என்று இருக்கிறேன். பாட்டில் பின்சீட்டுக்குப் பின்னால் நிற்கும். இன்ஜின் தாங்குமா? புத்திமதி வேண்டாம், வேலையைச் சொல்லுங்கள்.

லிந்தாங்_ராஜா:
தாராளமாகப் போடு தம்பி. 35 எல்லாம் ஒரு அளவா? நைட்ரஸ் தானாக எரிகிற பொருள் இல்லை, அதற்கே பலர் பயப்படுகிறார்கள். இன்ஜினுக்குள் இருக்கும் சூட்டில் அது உடைந்து ஆக்சிஜனை விடுகிறது. காற்றில் எடைக்கு 23 சதவீதம் ஆக்சிஜன் என்றால் இதில் 36. கூடுதல் ஆக்சிஜன், கூடுதல் பெட்ரோல், கூடுதல் இழுவை, அவ்வளவுதான். அதோடு திரவமாக வந்து ஆவியாகும்போது உறையும் குளிர், உள்ளே போகும் காற்றே குளிர்ந்துவிடும். டர்போ என்றால் எந்நேரமும் இன்ஜின் மேல் உட்கார்ந்திருக்கும். இது சுவிட்சைப் போட்டால்தான் வேலை. நான்கு போல்ட், நான்கு வயர். இதற்கு எதற்கு வொர்க்ஷாப்?

கிரீஸ்கை, ஈப்போ:
ராஜா சொன்ன அறிவியல் சரி. சொல்லாமல் விட்டதுதான் பிஸ்டனை உடைக்கிறது.

தம்பி, உன் இன்ஜின் கம்பெனியில் இருந்து வந்தபோதே 86 குதிரைசக்திதான். அதன் மேல் 35 என்றால் நாற்பது சதவீதம். 200 குதிரைசக்தி உள்ள காருக்கு 35 சின்னது, உனக்குச் சின்னது இல்லை. நாசில் மாட்டுவது அரை நாள் வேலை, யார் வேண்டுமானாலும் மாட்டலாம். கேள்வி வேறு. சுவிட்சைப் போட்ட நொடியில் அந்தக் கூடுதல் பெட்ரோல் வருகிறதா? உன் ஃபியூல் பம்ப் எத்தனை வருடப் பழசு? கேஸ் சோலினாய்டு திறந்து பெட்ரோல் சோலினாய்டு அடைத்துக்கொண்டால் கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் குறையும், சூடு ஏறும், நாக் அடிக்கும் (கலவை கட்டுப்பாடின்றி வெடிக்கும்), ரிங் உட்காரும் இடத்தில் பிஸ்டன் பிளக்கும். இது நடக்க நிமிஷக் கணக்கு வேண்டாம், சில நொடி போதும்.

ஸ்பார்க் அடிக்கும் நேரத்தையும் பின்னுக்குத் தள்ள வேண்டும். 50 குதிரைசக்திக்கு 2 டிகிரி என்பது பழைய கணக்கு. உன் கார் ஈசியூவுக்கு (இன்ஜினை ஆளும் கணினி) நைட்ரஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது, யார் தள்ளுவது? ஒரு படி குளிர்ந்த பிளக், ரோன் 97 பெட்ரோல். ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்தால் மட்டும் வேலை செய்யும் சுவிட்ச், 3000 ஆர்பிஎம்முக்குக் கீழே திறக்கவிடாத சுவிட்ச், பெட்ரோல் அழுத்தம் விழுந்தால் கேஸை வெட்டும் சுவிட்ச். இந்த மூன்றும் அந்த மலிவுச் செட்டில் இருக்கிறதா? இருக்காது. இதையெல்லாம் கழற்றித்தான் மலிவாக விற்பார்கள்.

லிந்தாங்_ராஜா:
அண்ணே, பயமுறுத்தாதீர்கள். நாக் சென்சர் எதற்கு இருக்கிறது? அதுவே ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுத்துவிடும். இரண்டாம் உலகப் போரிலேயே ஜெர்மன்காரன் விமானத்தில் ஜிஎம்-1 என்று நைட்ரஸ் வைத்துப் பறந்திருக்கிறான். எண்பது வருடத் தொழில்நுட்பம் இது.

கிரீஸ்கை, ஈப்போ:
நாக் சென்சர் சத்தம் கேட்ட பிறகுதான் இழுக்கும். அதாவது அடி விழுந்த பிறகு.

விமானக் கதையை நீ எடுத்தது நல்லது. அவர்கள் அதைப் போட்டது மிக உயரத்தில், காற்று மெலிந்து இன்ஜின் மூச்சுத் திணறும் இடத்தில். அங்கே நைட்ரஸ் குறைந்த ஆக்சிஜனை ஈடு கட்டியது. சுங்கை சிப்புட்டில் இன்ஜினுக்குக் காற்று குறையவே இல்லை. நிறைந்த இடத்தில் மேலும் திணிக்கிறோம். அதே கேஸ்தான், இன்ஜின் தாங்க வேண்டிய சுமை வேறு.

செம்பனை_லாரி:
எனக்கு இன்ஜின் கணக்கு தெரியாது. ஒரே கேள்வி. நம் ஊர் மதிய வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் கை வைக்க முடியாது. அங்கே அந்தப் பாட்டில் கிடந்தால்?

கிரீஸ்கை, ஈப்போ:
லாரி அண்ணன் கேட்டதுதான் சரியான கேள்வி.

குளிர் நாட்டில் பாட்டிலுக்கு ஹீட்டர் கட்டுவார்கள், அழுத்தம் 900லிருந்து 1000 பிஎஸ்ஐ வரை இருக்க வேண்டும் என்பதற்காக. நமக்குப் பிரச்சினை தலைகீழ். 36.4 டிகிரியைத் தாண்டினால் நைட்ரஸ் திரவமாகவே நிற்காது, அழுத்தம் 1050ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். கோயில் திடலில் இரண்டு மணி நேரம் நிறுத்தினாலே அந்தச் சூடு வந்துவிடும். அப்படியே வந்து சுவிட்சைப் போட்டால் ஜெட் அதேதான், பெட்ரோல் அழுத்தமும் அதேதான், கேஸ் மட்டும் கணக்கு மீறி வரும். மறுபடியும் லீன். ஆகவே மீட்டர் இல்லாத பாட்டிலை நான் தொடமாட்டேன்.

இன்னொன்று. பாட்டில் வால்வில் ஒரு பாதுகாப்புத் தகடு உண்டு, 3000 பிஎஸ்ஐ சுற்றில் கிழிந்து கேஸை வெளியே விடும். செடான் என்றால் அது பூட்டுக்குள் (பின்பக்கச் சாமான் அறை) போகும். மைவியில் பூட்டும் நீ உட்காரும் இடமும் ஒரே அறை. ஏறக்குறைய நாலரைக் கிலோ கேஸ் கொட்டினால் உள்ளே மூச்சுக்கு ஆக்சிஜன் இருக்காது. அந்தத் தகட்டிலிருந்து காரின் தரைக்கு வெளியே குழாய் போக வேண்டும். பாட்டிலைக் கட்டுவதற்கு உலோக பிராக்கெட், தரைத் தகட்டில் போல்ட். சீட் பெல்ட்டால் கட்டி வைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

வெள்ளை_மைவி:
இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை அண்ணே. விற்கிறவர் குழாய் பற்றி வாயே திறக்கவில்லை. சரி, கேஸ் தீர்ந்தால்? இங்கே நிரப்ப ஆள் இல்லை. கேக் கடையில் கிரீம் அடிக்கிற சின்னக் குப்பி விற்கிறதே, அதுவும் இதே கேஸ்தானே?

லிந்தாங்_ராஜா:
அதேதான். சும்மா ஊற்றிக்கொள்ளலாம்.

கிரீஸ்கை, ஈப்போ:
ராஜா, கொஞ்சம் கணக்குப் போடு. 100 குதிரைசக்திக்கு 10 விநாடியில் சுமாராக ஒரு பவுண்டு போகும். 35க்கு 160 கிராம். குப்பி ஒன்றில் 8 கிராம். பத்து விநாடிக்கு இருபது குப்பி! அதைத் திறந்து திறந்து வீட்டில் பாட்டிலில் ஏற்றுவதா? நைட்ரஸ் ஓடும் இடத்தில் எண்ணெய்ப் பசை, கிரீஸ் எதுவும் இருக்கக் கூடாது. அழுத்தத்தில் அது வெடிக்கும். பாட்டிலை எடை பார்த்துத்தான் நிரப்ப வேண்டும், கண் மதிப்பில் இல்லை.

போலிசி_அக்கா:
தம்பிகளா, நான் காப்புறுதி வேலை செய்கிறவள். காரை மாற்றினால் கம்பெனிக்கு எழுதிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் போட்டு மோதினால் உங்கள் கார் கிளெய்ம் நிற்கும். அடிபட்டவருக்குக் கம்பெனி கொடுத்தாலும், பிறகு உங்களிடம் திரும்பக் கேட்கலாம். வீட்டில் அம்மாவிடம் போய்ச் சொல்லுங்கள் பார்க்கலாம்.

லிந்தாங்_ராஜா:
அக்கா, சொந்தக் காருக்கு வருடா வருடம் புஸ்பகோம் வாகனப் பரிசோதனை இல்லை. விற்றுப் பெயர் மாற்றும்போதுதான். அதற்குள் கழற்றிவிட்டால் யாருக்குத் தெரியும்?

போலிசி_அக்கா:
ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ரோட் பிளாக்கில் பூட்டைத் திறக்கச் சொன்னால்? அங்கே புஸ்பகோம் தேவையில்லை, அபராதச் சமன் போதும்.

செம்பனை_லாரி:
எங்கே ஓட்டப் போகிறாய் என்று யாருமே கேட்கவில்லை. லாசா ரோட்டிலா? காலை ஐந்தரைக்கு அங்கே ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் பின்லைட் இல்லாத மோட்டார் சைக்கிளில் போவார்கள். என் லாரியிலிருந்தே செம்பனைக் குலை விழும், மழை பெய்தால் தோட்டத்து மண் எல்லாம் தாருக்கு வரும். நான் எழுபதில் போகும்போதே அந்த வளைவில் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டுதான் போகிறேன்.

லிந்தாங்_ராஜா:
லாசா ரோடு எதற்கு? பிளஸ் நெடுஞ்சாலை இருக்கிறது. இரவு பன்னிரண்டுக்கு மேல் காலி.

கிரீஸ்கை, ஈப்போ:
கோலக்கங்சார் போகும் வழியில், மெனோரா சுரங்கப் பக்கத்து இறக்கத்தையா சொல்கிறாய்? பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் சூடேறி இறங்கும் இடம் அது. பொதுச்சாலையில் பந்தயம் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம் என்பதை விடு. நைட்ரஸை எதிர்க்கிறவன் இல்லை நான். டிராக்குக்குப் போகும் கார்களுக்கு மாட்டிக் கொடுத்திருக்கிறேன். செப்பாங் பந்தய டிராக்குக்குக் கொண்டு போ, ஆள் வைத்து இன்ஜின் டேட்டா பதிவைப் பார்த்து ஓட்டு, நானே வருகிறேன். தினமும் வேலைக்குப் போகிற மைவியில், அப்பா அம்மா ஏறுகிற மைவியில் வேண்டாம்.

லிந்தாங்_ராஜா:
செப்பாங் போக பெட்ரோல், டோல், நுழைவுப் பணம். தோட்டத்துப் பையனுக்கு இதெல்லாம் கட்டுமா? பணக்காரன் செய்தால் மோட்டார் ஸ்போர்ட், நாம் செய்தால் ரவுடித்தனம். அதைச் சொல்லுங்கள் அண்ணே.

கிரீஸ்கை, ஈப்போ:
அது நியாயமான கோபம்தான். பக்கத்திலேயே மலிவான டிராக் இல்லாதது உண்மை. அதற்காக பிஸ்டன் உனக்குத் தள்ளுபடி தராது.

வெள்ளை_மைவி:
சண்டை வேண்டாம். செட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன், திரும்பத் தரமாட்டார். வாங்கி வைத்துக்கொள்கிறேன், மாட்டுவது அப்புறம். முதலில் ஃபியூல் பம்ப் அழுத்தம் பார்க்க வேண்டும். மீட்டர் யாரிடமாவது இருக்கிறதா?

கிரீஸ்கை, ஈப்போ:
என்னிடம் இருக்கிறது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் காரைக் கொண்டு வா. கம்ப்ரஷனும் சேர்த்துப் பார்த்துவிடலாம். சோலினாய்டு இரண்டையும் கழற்றி எடுத்து வா, ரப்பர் சீல் மாற்ற வேண்டியிருக்கும். பாட்டிலை மட்டும் காரில் ஏற்றாதே. வீட்டில் நிழலில், வால்வை இறுக்கி மூடி வை.

லிந்தாங்_ராஜா:
நானும் வரலாமா அண்ணே?

கிரீஸ்கை, ஈப்போ:
வா. உன் வண்டியில் என்னென்ன மாட்டியிருக்கிறாய் என்று நானும் பார்க்க வேண்டும்.