புதுப்பிப்பு: விரிசல் விட்ட பலாமரக் குவளை இப்போது ஒழுகவில்லை

விளிம்பிலிருந்து அடிவரை விரிசல் விட்ட பலாமரக் குவளையை எதை வைத்து ஒட்டலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். சூப்பர் குளூ போதும் என்றவர்களே அதிகம். அதைத்தான் முதலில் போட்டேன். இரண்டு கட்டஞ்சாயாவில் (பால் விடாத சூடான டீ) விட்டுப்போனது. சூடும் ஈரமும் சேர்ந்தால் அந்தப் பசை தாங்காது.

அடுத்தது, உணவுப் பாத்திரத்துக்கு உகந்தது என்று போட்டிருந்த எபாக்சி, அதாவது இரண்டு பகுதிகளைக் கலந்து போடும் பசை. பழைய பசையைச் சுரண்டிவிட்டுக் குவளையை நிழலில் காயவைத்தேன். ஈரம் இருந்தால் ஒட்டு சரியாகப் பிடிக்காது. நாகர்கோவில் சாரலில் அதற்கே பத்து நாளானது! கலவையை ஈர்க்குச்சி நுனியில் தொட்டுத் தொட்டு விரிசலுக்குள் இறக்கினேன். பிறகு பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, குவளையைச் சுற்றி இழுத்துக் கட்டினேன். வளைந்த பாத்திரத்துக்குக் கிளாம்பைவிட இதுதான் நல்ல பிடி.

மறுநாளே எபாக்சி கல் மாதிரி ஆகிவிடும், ஏமாந்துவிடாதீர்கள். முழுதாக இறுகிய பிறகுதான் அது உணவுக்கு உகந்தது. அட்டையில் இருந்தபடி ஏழு நாள் விட்டேன். அப்புறம் உப்புத்தாளால் தேய்த்து, மார்த்தாண்டத்தில் வாங்கிய தேன்மெழுகைத் தடவினேன்.

நேற்று இரவு தண்ணீர் நிரப்பிச் செய்தித்தாள்மேல் வைத்தேன். காலையில் தாளில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஆனாலும் சாயாவுக்கு இனி எடுக்கமாட்டேன். 60 டிகிரி தாண்டினால் தேன்மெழுகு உருகும், சாதாரண எபாக்சியும் இளகும். இப்போது மோர்தான்.

சிரட்டை (தேங்காய் ஓடு) குவளை பற்றிக் கேட்டவருக்கு: இதே முறைதான். எண்ணெய்ப்பசை போகச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்து ஒட்டுங்கள்.